வாசகர் கேள்வி: மாப்பிள்ளை ஞானஸ்நானம் வாங்கியே ஆகணுமா?

கேள்வி: நான் கத்தோலிக்கப் பெண், காதலிப்பவர் இந்து. அவர் ஞானஸ்நானம் வாங்கினால்தான் சர்ச்சில் கல்யாணம் என்கிறார் அப்பா. அவர் வீட்டிலோ முருகன் கோயிலில் தாலி கட்டினால் போதும் என்கிறார்கள். இரண்டு இடத்திலும் கட்டிக்கொண்டால் என்ன?
(பெயர் வேண்டாம், தூத்துக்குடி)

பதில்: அப்பா சொல்வது போல ஒரு விதி திருச்சபைச் சட்டத்தில் இல்லை. ஞானஸ்நானம் பெறாதவரைக் கட்டிக்கொள்ள ஆயரிடம் (பிஷப்பிடம்) விலக்கு, அதாவது சிறப்பு அனுமதி, வாங்க வேண்டும், பங்குத்தந்தையைப் பார்த்தால் மனு எழுத உதவுவார். கல்யாணத்துக்காக மட்டும் ஒருவர் தலையில் தண்ணீர் ஊற்ற நல்ல சாமியார் சம்மதிக்கவும் மாட்டார். (இன்னொன்று, மாப்பிள்ளை பட்டியலினத்தவர் என்றால் கிறிஸ்தவரானதும் 1950-ஆம் வருட பட்டியலினத்தவர் ஆணைப்படி அந்தத் தகுதி போய்விடும். அப்பாவிடம் இதையும் சொல்லுங்கள்.)

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. விலக்கு கேட்கும்போது, என் விசுவாசத்தை விட மாட்டேன், பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்துக் கத்தோலிக்கராக வளர்க்க என்னால் ஆனதையெல்லாம் செய்வேன் என்று நீங்கள் வாக்குக் கொடுக்க வேண்டும். முன்பு மாப்பிள்ளையும் உறுதி தர வேண்டியிருந்தது, 1970-ல் பாப்பரசர் ஆறாம் பவுல் அதை எடுத்துவிட்டார். இப்போது வாக்கு உங்களுடையது, ஆனால் நீங்கள் என்ன வாக்குக் கொடுத்தீர்கள் என்பது மாப்பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். பலபேர் இந்த இடத்தில்தான் "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, குழந்தை பிறந்ததும் ஞானஸ்நானமா பெயர் சூட்டு விழாவா என்று ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே ஆரம்பிக்கிறார்கள். இன்றைக்கே அவரிடம் பேசுங்கள், முடிந்தால் அவர் அம்மா இருக்கும்போதே.

இரண்டு தாலி கூடாது. ஒரே திருமண சம்மதத்தை இன்னொரு மதச் சடங்கில் முன்னாலோ பின்னாலோ மறுபடி கொடுப்பதை 1983 திருச்சபைச் சட்டம் தடுக்கிறது. அவர் வீட்டில் பந்தி போடுங்கள், பெரியவர்கள் காலில் விழுந்து ஆசி வாங்குங்கள், அதற்கு யாரும் குறுக்கே நிற்கப் போவதில்லை.

முருகன் கோயிலில் மட்டும் கட்டிக்கொண்டால்? ஒருவர் இந்து, ஒருவர் கிறிஸ்தவர் என்றால் இந்து திருமணச் சட்டப்படி அது செல்லாது என்று 2008-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. சர்ச் கல்யாணத்துக்கு அந்தப் பிரச்சினை இல்லை, 1872 இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி இருவரில் ஒருவர் கிறிஸ்தவராக இருந்தால் போதும். 1954 சிறப்புத் திருமணச் சட்டத்தில் முப்பது நாள் நோட்டீஸ் கொடுத்துப் பதிவு செய்யலாம், அரசாங்கத்துக்கு அது சரி, ஆனால் ஆயரின் அனுமதி இல்லாமல் பதிவோடு நிறுத்திக்கொண்டால் திருச்சபை அதை ஏற்காது, நற்கருணை வாங்குவதும் சிக்கலாகும்.

கேள்வி: என் மருமகள் வேதக்கார (கிறிஸ்தவ) பெண். பேரனுக்கு மொட்டை போட்டுக் காது குத்த ஆசை. சம்மதிப்பாளா?
(ஒரு பாட்டி, திண்டுக்கல்)

பதில்: அம்மா, வேளாங்கண்ணியில் போய்ப் பாருங்கள், மொட்டை போட வரிசையில் நிற்கிறார்கள்! காது குத்துவதும் அவர்கள் வீடுகளில் உள்ளதுதான். எந்தச் சாமிக்கு நேர்ந்த மொட்டை என்பதில்தான் பேச்சு வரும். அதை மகன் மூலம் சொல்லி அனுப்பாமல் மருமகளிடம் நீங்களே கேளுங்கள்.