தீக்காயம் ஏன் சில நேரம் ஆற மறுக்கிறது? கேள்வி பதில்

உணவக சமையல்காரர் ஒருவர்: கையில் எண்ணெய் தெறித்தது. முதல் நாள் சிவப்பாகத்தான் இருந்தது, டாக்டர். மூன்றாம் நாள் வெளுத்து ஆழமாகிவிட்டதே?

தீயை அணைத்தாலும் காயம் வளர்வது உடனே நிற்காது. நடுவில் வெந்து இறந்த பகுதி. ஓரத்தில் சிவந்த, தானாக ஆறும் பகுதி. இடையில் உயிருக்கு ஊசலாடும் ஒரு வளையம். 1953இல் டக்ளஸ் ஜாக்சன் விவரித்த மூன்று மண்டலங்கள் இவை. உங்கள் கையில் நடந்தது பெரும்பாலும் அந்த இடை வளையத்தின் கதை. அங்கே ஹிஸ்டமின் என்ற அழற்சி வேதிப்பொருள் சுரந்து ரத்த நுண்குழாய்கள் கசிகின்றன. ரத்தம் தடித்துத் தேங்குகிறது. வினைவேகம் மிகுந்த ஆக்சிஜன் மூலக்கூறுகள் செல்களின் சவ்வை அரிக்கின்றன. இரண்டு மூன்று நாளில் அந்த வளையம் மீளலாம், அல்லது நடுப்பகுதியோடு சேர்ந்து சாகலாம். சுட்டவுடன் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டச் சொல்வது எரிச்சல் தணிய மட்டுமல்ல, இந்த வளையத்தைக் காப்பாற்றவும்தான். மூன்று மணி நேரத்துக்குள் செய்தாலும் பலன் உண்டு. ஐஸ் வேண்டாம், அது ரத்தக் குழாய்களைச் சுருக்கி, மிச்சமிருக்கும் ரத்த ஓட்டத்தையும் குறைத்துவிடும்.

கல்லூரி மாணவி: தோலுக்கு அமிலத்தன்மை நல்லது என்று படித்தேன். எலுமிச்சைச் சாறு விடலாமா?

படித்தது சரி, முடிவு தவறு. நல்ல தோலின் மேற்பரப்பில் பிஎச் (அமில-கார அளவு; 7க்குக் கீழே அமிலம், மேலே காரம்) ஏறத்தாழ 4.5 முதல் 5.5 வரை. தோல் போனதும், 7.4ஐ ஒட்டிய, லேசான காரத்தன்மை கொண்ட உடல்திரவம் அங்கே கசிகிறது. புரதத்தை வெட்டும் நொதிகளுக்கு அந்தச் சூழல் மிகவும் தோது. புதிதாக உருவாகும், தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜனையும் அவை விட்டுவைப்பதில்லை. பச்சை நிறச் சீழ் வைக்கும் சூடோமோனாஸ் கிருமிக்கு எதிராக மருத்துவமனைகளில் நீர்த்த அசிட்டிக் அமிலம் பயன்படுவது உண்மைதான். ஆனால் அது அளந்து கலந்தது. எலுமிச்சை, வெந்த செல்களுக்கு அருகே பிழைத்திருப்பவற்றையும் எரிக்கும். பற்பசை, மை ஆகியவற்றுக்கும் இதே பதில். தயவுசெய்து பாட்டியிடமும் சொல்லுங்கள்.

இளம் தாய்: கொப்புளத்தை உடைக்கலாமா?

சிறியதைத் தொடாதீர்கள். பெரியதையும் மூட்டின் மேல் இருப்பதையும் மருத்துவர் பார்க்கட்டும்.

மருந்துக்கடை ஊழியர்: சில்வர் சல்ஃபாடயசின் களிம்பு தடவினால் சீக்கிரம் ஆறுமா?

கிருமியைக் கட்டுப்படுத்தும். ஆனால் காயத்தை மூட நகர்ந்து வரும் இளம் கெரட்டினோசைட் (மேல்தோல்) செல்களுக்கும் அதிலுள்ள வெள்ளி நஞ்சு. மேலோட்டமான காயத்தில் அது ஆறுவதைத் தாமதப்படுத்தும்; என் முதல் தேர்வு அதுவல்ல.

நோயாளியின் அண்ணன்: தம்பியின் தழும்பு தடித்துக்கொண்டே போகிறது.

அழற்சி நீடித்தால், டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞைப் புரதம் செல்களைத் தொடர்ந்து கொலாஜன் உற்பத்தி செய்யத் தூண்டுகிறது. மூன்று வாரத்தைக் கடந்தும் மூடாத காயத்தில் இந்த ஆபத்து அதிகம். அதனால்தான் ஆழமான காயத்துக்குத் தோல் ஒட்டு அறுவையை முன்கூட்டியே பரிந்துரைக்கிறோம். இப்போதைக்கு அழுத்த உடை, சிலிக்கோன் தாள் பற்றி அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள்.