பையன்தானே என்று விட்டுவிடலாமா?

கேள்வி: என் மகனுக்கு 10 வயது, ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். நானும் கணவரும் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறோம். நாங்கள் வீடு திரும்பும்வரை பாட்டியோடு இருப்பான். என் பழைய போனில் கேம் விளையாடுவான். கேமில் பழக்கமான ஒரு ‘அண்ணா’ அவனுக்கு டைமண்ட் (கேமுக்குள் செலவழிக்கும் காசு மாதிரி) வாங்கிக் கொடுத்திருக்கிறார். அப்புறம் வாட்ஸ்அப்பில் வந்து, குளிக்கும்போது போட்டோ எடுத்து அனுப்பு என்று பலமுறை கேட்டிருக்கிறார். அனுப்பவில்லை என்கிறான் மகன். போன வாரம் டியூஷன் வாசலுக்கே பைக்கில் வந்து, ஒரு ரவுண்டு கூட்டிப்போய், தொடையில் கை வைத்திருக்கிறார். மகன் டியூஷன் மிஸ்ஸிடம் சொல்லியிருக்கிறான். “இனிமே அவரோட போகாதே” என்றதோடு அவர் விட்டுவிட்டார். “பையன்தானே, போனைப் பிடுங்கி எல்லாத்தையும் அழிச்சிடு, ஸ்டேஷனுக்குப் போனா நம்ம மானம்தான் போகும்” என்கிறார் கணவர். மகன் பேசுவதுபோல அந்த ஆளை வரவழைத்து நாலு போடலாம் என்கிறார் கொழுந்தனார். ஸ்கிரீன்ஷாட்டை டியூஷன் பெற்றோர் குரூப்பில் போட்டு எச்சரிக்கலாமா? புகார் கொடுத்தால் மகன் கோர்ட்டுக்கு வர வேண்டுமா? போன் கொடுத்ததற்காக என்மேல் வழக்கு வருமா? பெயர், ஊர் வேண்டாம்.

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். போன் கொடுத்ததற்காக உங்கள்மேல் வழக்கு வராது. அந்தப் பயத்தை இறக்கி வையுங்கள்.

உங்கள் கணவரின் வாதத்தைப் பலர் வாயால் கேட்டிருக்கிறேன். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்க 2012இல் வந்த போக்சோ சட்டத்தில் ‘குழந்தை’ என்றால் 18 வயது நிரம்பாத யாரும்தான். ஆண், பெண் என்ற பேதமே அதில் கிடையாது. உங்கள் மகளுக்கு இது நடந்திருந்தால் என்ன பிரிவோ, மகனுக்கும் அதே பிரிவுதான்.

இனி அந்த ஆள் செய்ததைப் பார்ப்போம். ‘மகன் போட்டோ அனுப்பவில்லையே, அப்புறம் என்ன’ என்று நினைக்காதீர்கள். ஆபாச நோக்கத்தோடு குழந்தைக்கு ஆசை காட்டுவதும், அதற்காக எதையாவது கொடுப்பதும், இணையம் வழியாகத் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதும் போக்சோ 11ஆம் பிரிவின்படி பாலியல் தொந்தரவு. 3 ஆண்டு வரை சிறை உண்டு. டைமண்ட் வெறும் பரிசு அல்ல. சட்டத்தின் பார்வையில் அது கையூட்டு மாதிரிதான். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவோ, குழந்தையைப் பாலியல் நோக்கத்தில் இணைய உறவுக்குள் இழுப்பதையே தனிக் குற்றமாக்கி, முதல் முறைக்கே 5 ஆண்டு வரை சிறையும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும் சொல்கிறது.

தொடையில் கை வைத்தது இதைவிடப் பெரிய விஷயம். பாலியல் நோக்கத்தோடு தொட்டால் போக்சோ சட்டப்படி அது பாலியல் தாக்குதல். குழந்தை 12 வயதுக்குக் கீழ் என்றால் கடுமையான பாலியல் தாக்குதல் ஆகிவிடும். குறைந்தது 5 ஆண்டு, அதிகம் 7 ஆண்டு சிறை. ‘சட்டைக்கு, டிரவுசருக்கு மேலேதானே தொட்டான்’ என்று யாராவது சொன்னால், தோலோடு தோல் பட வேண்டும் என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் 2021 நவம்பரிலேயே தள்ளிவிட்டது என்று சொல்லுங்கள்.

எனவே எதையும் அழிக்காதீர்கள். அந்தப் போனை மகன் கையிலிருந்து வாங்கி வையுங்கள். பதில் போட வேண்டாம், பிளாக் செய்வதையும் போலீசார் பார்த்த பிறகு வைத்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் மறையும் செய்தி வசதியை அந்த ஆள் போட்டு வைத்திருந்தால் செய்திகள் தானாகவே போய்விடும். ஆகவே இன்றைக்கே இன்னொரு போனால் திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எண், தேதி, நேரம் தெரிய வேண்டும். கேமில் அந்த ஆள் வைத்திருக்கும் பெயர் நாளைக்கே மாறும். மாறாதது அந்தக் கணக்கின் ஐடி எண். அதையும், டைமண்ட் வந்ததற்கான பதிவையும் விடாதீர்கள். இலவசமாக டைமண்ட் வராது, அந்த ஆள் எங்கோ பணம் கட்டித்தான் வாங்கியிருப்பார். முகம் தெரியாத ஆளைப் பிடிக்க அந்தப் பணத்தின் தடம் உதவும். கணக்கை நீக்கினாலும் பதிவு விவரங்களை நிறுவனங்கள் 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்கின்றன 2021ஆம் ஆண்டு விதிகள். அதனால்தான் நாள் கடத்தக் கூடாது என்கிறேன்.

மகனின் உடல் தெரியும் படம் ஏதாவது போனில் இருந்தால் (பயத்தில் மறைத்திருக்கலாம், திட்டாதீர்கள்) அதை மட்டும் படம் எடுக்கவோ வேறு போனுக்கு மாற்றவோ வேண்டாம். போனை அப்படியே ஒப்படையுங்கள். அனுப்பியிருந்தாலும் உங்கள் மகன் குற்றவாளி அல்ல.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட வழக்குகளில் எதிர்த்தரப்பு வக்கீல் கையில் எடுக்கும் முதல் ஆயுதம், ‘அம்மா சொல்லிக்கொடுத்ததைப் பையன் ஒப்பிக்கிறான்’ என்பது. நீங்கள் ஒரு முறை, பாட்டி ஒரு முறை, அத்தை ஒரு முறை என்று துருவித் துருவிக் கேட்டால், ஒவ்வொரு தடவையும் அவன் சொல்வது கொஞ்சம் மாறும். குழந்தை மட்டுமல்ல, யார் சொன்னாலும் மாறும். ‘அங்கே தொட்டானா? இங்கே தொட்டானா?’ என்று கேட்கவே கேட்காதீர்கள். அவன் உங்களிடம் முதலில் சொன்னதை, அவன் சொன்ன வார்த்தைகளிலேயே தேதி போட்டு எழுதி வையுங்கள். ‘தொடையில கை வெச்சாரு’ என்றான் என்றால் அப்படியே எழுதுங்கள்; நாகரிகம் கருதி மாற்ற வேண்டாம். அவனாகப் பேச வந்தால் காது கொடுங்கள், அது போதும்.

கொழுந்தனாரின் கோபம் புரிகிறது. ஆனால் அடி வாங்கியவன் போனை உடைத்துவிட்டு ஊரை விட்டுப் போவான், அடித்தவர்மேல் தனியாக ஒரு வழக்கு வரும். குரூப்பில் ஸ்கிரீன்ஷாட் போடுவதும் வேண்டாம். குழந்தையின் பெயர், பள்ளி, வீடு, குடும்பம் என அடையாளம் தெரியும் எதையும் எந்த ஊடகத்திலும் வெளியிடக் கூடாது என்கிறது போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவு. நீங்கள் பெயரை மறைத்தாலும் 10 பேர் படிக்கும் டியூஷனில் யார் பையன் என்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? கணவர் பயப்படும் ‘மானம் போவது’ அந்தக் குரூப்பால்தான் நடக்கும், ஸ்டேஷனால் அல்ல.

டியூஷன் மிஸ் விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. இப்படியொரு குற்றம் நடந்தது தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் இருப்பதே போக்சோ 21ஆவது பிரிவில் குற்றம். 6 மாதம் வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ. அவரைச் சிறைக்கு அனுப்ப வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த ஆள் பைக்கில் வந்தது அவருடைய டியூஷன் வாசலுக்குத்தான். பையன் சொன்னான் என்பதற்கும் அவரே சாட்சி. இதைப் போலீசாரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தகவல் தரும் கடமை உங்களுக்கும் கணவருக்கும் இருக்கிறது என்பதையும் கணவரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

புகாரை உங்கள் பகுதி அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் கொடுக்கலாம். பையன் விஷயத்துக்கு மகளிர் ஸ்டேஷனா என்று திருப்பி அனுப்பினால், போக்சோ புகாரைப் பதிவு செய்யாத காவலருக்கும் அதே 21ஆவது பிரிவு பொருந்தும் என்று நினைவுபடுத்துங்கள். 67பி வழக்கை இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாதவர் விசாரிக்க வேண்டும் என்பதால், முடிந்தால் இன்ஸ்பெக்டரையே பாருங்கள். தயக்கமாக இருந்தால் முதலில் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குப் போன் செய்யுங்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து துணைக்கு ஆள் வருவார்கள். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். மகனை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போக வேண்டியதில்லை. வாக்குமூலத்தை உங்கள் வீட்டிலேயே, கூடுமானவரை பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வந்து, உங்களை அருகில் வைத்துக்கொண்டு வாங்க வேண்டும்.

கோர்ட்டுக்கு வர வேண்டியிருக்கும். அதை மறைத்துப் பயனில்லை. மாஜிஸ்திரேட்டிடம் ஒரு வாக்குமூலம், பிறகு சிறப்பு நீதிமன்றத்தில் சாட்சியம். ஆனால் சினிமாவில் பார்ப்பதுபோல் கூண்டில் ஏற்றி மிரட்ட முடியாது. வக்கீல்கள் தங்கள் கேள்வியை நீதிபதியிடம் சொல்ல, நீதிபதிதான் குழந்தையிடம் கேட்பார். அந்த ஆள் அவன் கண்ணில் படக் கூடாது. திரையோ வீடியோ இணைப்போ வைப்பார்கள். வெளியாள் யாரும் உள்ளே இருக்க மாட்டார்கள், நீங்கள் இருக்கலாம். வழக்கைக் கோர்ட் ஏற்ற 30 நாளுக்குள் குழந்தையின் சாட்சியத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் இது தள்ளிப்போவதும் உண்டு.

விசாரணையில் அந்த ‘அண்ணா’ பதினொன்றாம் வகுப்புப் பையன் என்று தெரிய வரலாம். அப்படியானால் அவன், 18 வயது நிரம்பாதவர்களின் வழக்கை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போவான். அதற்காகப் புகாரை நிறுத்த வேண்டாம். பெரிய ஆளாக இருந்து, அவன் வீட்டார் பெரிய மனிதர்களோடு வந்து ‘பேசி முடிச்சுக்கலாம்’ என்றால் உட்காராதீர்கள். சமரசம் ஆகிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக இப்படிப்பட்ட வழக்கை ரத்து செய்ய முடியாது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

போனைப் போலீசார் எடுத்துக்கொள்வார்கள், ரசீது வாங்குங்கள். ஆய்வு முடிந்ததும் கோர்ட்டில் மனுப் போட்டுத் திரும்பப் பெறலாம். அதற்கும், மகனுக்கான இடைக்கால இழப்பீட்டுக்கும் வக்கீல் வைக்கக் காசில்லை என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100க்குப் பேசுங்கள். போகும்போது மகனின் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் போங்கள். 12 வயதுக்குக் கீழ் என்பதை நிரூபிக்கும் அந்தத் தாள்தான் தண்டனையையே தீர்மானிக்கும்.