பழைய பைக்தான் நன்றாக இழுக்கிறது, புதியதற்கு மாறலாமா?

கேள்வி: 14 வருடமாக 150 சிசி கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) பைக் ஓட்டுகிறேன். அதே சிசியில், பெட்ரோலை மின்னணு முறையில் தெளிக்கும் புதிய எஃப்.ஐ. (ஃபியூவல் இன்ஜெக்‌ஷன்) பைக் ஒன்றை ஓட்டிப் பார்த்தேன். பழைய வண்டியின் இழுவை அதில் இல்லை. தினமும் 40 கி.மீ. போகிறேன், பெரும்பாலும் பின்னால் மனைவி இருப்பார். மாதம் ஒருமுறை மலைப்பாதை. மாற்றலாமா?

பதில்: உங்களுக்குத் தோன்றியது உண்மைதான். பெட்ரோல் முழுதாக எரிய, அதன் எடையைப்போல் 14.7 மடங்கு காற்று வேண்டும். புகையைக் கட்டுப்படுத்துவதற்காக, புதிய வண்டியின் இ.சி.யு. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் சிறு கணினி) பெரும்பாலான நேரம் இந்தக் கணக்கை ஒட்டியே பெட்ரோலைத் தெளிக்கிறது. ஆனால் காற்று 12, 13 மடங்காக இருக்கும்போதுதான் இன்ஜினுக்குச் சக்தி அதிகம். கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டி டியூன் செய்திருப்பார்கள். ஆக்ஸிலேட்டரை லேசாகத் திருகியதும் அது துள்ளுவது அதனால்தான்.

மலையேறும்போது கதை மாறிவிடும். 1,000 மீட்டர் ஏறினால் காற்றின் அடர்த்தி சுமார் 10 சதவீதம் குறையும். கார்புரேட்டர் அதற்கேற்பப் பெட்ரோலைக் குறைக்காது. மேலே கொஞ்ச தூரம் ஓட்டி, இன்ஜின் ஆறிய பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கீழே செங்கல் நிறத்தில் இருந்த முனை கரி படிந்து கறுத்திருக்கும். எஃப்.ஐ. வண்டி காற்றழுத்தத்தை அளந்து பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். மேலே போகப் போக இரண்டுக்குமே சக்தி குறையும் என்றாலும், புதியது திணறாது.

பழையதற்கும் சாதகங்கள் உண்டு. பேட்டரி இறங்கினாலும் கிக்கரை உதைத்துக் கிளப்பலாம். எஃப்.ஐ. வண்டியில் பெட்ரோல் பம்ப்பே மின்சாரத்தில்தான் ஓடுகிறது. பேட்டரி அடியோடு செத்துப்போனால் பெரும்பாலும் தள்ளினாலும் கிளம்பாது. டேங்கைக் காயவிடவும் கூடாது, பம்ப்பைக் குளிர வைப்பதே பெட்ரோல்தான்.

இருந்தாலும் மாற்றச் சொல்கிறேன். காரணம் ஏபிஎஸ், அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் அமைப்பு. ஈரச் சாலையில் நாய் குறுக்கே பாய்ந்தால் கை தானாக பிரேக்கை இறுக்கிவிடும். ஏபிஎஸ் இல்லாத வண்டியில் முன்சக்கரம் பூட்டிக்கொண்டால் அடுத்த நொடி ஹேண்டில் நம் கையில் இல்லை. பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு எதையும் பிடித்துக்கொள்ளக்கூட நேரம் இருக்காது. ஏபிஎஸ் பிரேக்கை நொடிக்குப் பலமுறை விட்டுப் பிடித்துச் சக்கரத்தை உருளவிடும், வண்டி நேராக நிற்கும். சரளையில் மட்டும் நிற்கும் தூரம் சற்றுக் கூடலாம். சிங்கிள் சேனல் ஏபிஎஸ் என்றால் அது முன்சக்கரத்துக்கு மட்டும்தான். மலை இறக்கத்தில் பின்சக்கரத்தின் மேல் எடை குறைந்து அது எளிதில் பூட்டிக்கொள்ளும் என்பதால் இரண்டு சக்கரங்களுக்கும் ஏபிஎஸ் உள்ள டூயல் சேனலையே வாங்குங்கள்.

முடிவெடுக்கும் முன் மனைவியையும் ஏற்றிக்கொண்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். ஒரே மேட்டில், மூன்றாவது கியரில், 30-லிருந்து 50 கி.மீ. வேகத்துக்கு இரண்டு வண்டியும் எப்படி ஏறுகின்றன என்று கவனியுங்கள். பின் சீட் வசதியாக இருக்கிறதா என்று அவரிடமே கேளுங்கள். இப்போது வரும் பல பைக்குகளில் அது குறுகலாகவும் உயரமாகவும் இருக்கிறது. தினமும் 40 கி.மீ. உட்காரப்போவது அவர்தான்.

அதுவரை பழையதை ஓட்டுவதானால் டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2214 என்றால் 2014-ன் 22-வது வாரம் தயாரானது. பட்டன் தேயாமல் இருந்தாலும் அவ்வளவு பழைய ரப்பர் இறுகிப்போயிருக்கும். உடனே மாற்றிவிடுங்கள், இரண்டு வருடத்துக்கு மேலான பிரேக் ஆயிலையும் சேர்த்து.