76 ஆயிரம் ரூபாவில் எங்கள் பங்கு எங்கே?

கேள்வி: நாங்கள் திருகோணமலை மாவட்டத்தில், சம்பூரில் இருக்கிறோம். வீட்டில் ஐந்து பேர். என் வீட்டுக்காரர் இன்னொருவரின் படகில் பங்குக்கு மீன்பிடிக்கப் போகிறார். நல்ல மாதத்தில் 45 ஆயிரம் ரூபா வரும். மாரி நாலு மாதமும் 18 ஆயிரம் தேறினாலே பெரிய காரியம். இலங்கையில் ஒரு குடும்பத்துக்கு மாத வருமானம் 76 ஆயிரம் என்றும், தலைக்கு வருடம் 4,500 டொலர் என்றும் செய்தியில் சொல்கிறார்கள். அரசு தரும் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும எங்களுக்குக் கிடைக்கவில்லை. "வறுமைக்கோடு 16 ஆயிரம். உங்கள் புருஷன் 45 ஆயிரம் உழைக்கிறார். அதனால்தான் வெட்டிவிட்டார்கள்" என்கிறார் படிவம் நிரப்பித் தருகிற ஒருவர். 5,000 ரூபா தந்தால் கொழும்பில் கம்பியூட்டரில் புள்ளியை மாற்றித் தருவாராம். அம்மாவின் வீடும் எங்கள் வளவுக்குள்தான் இருக்கிறது. கரண்டுக்கு ஒரே மீற்றர். இதற்கும் அதற்கும் தொடர்பு இருக்குமா? நான் என்ன செய்வது?

பதில்: தங்கச்சி, முதலில் அந்த 5,000 ரூபாவைக் கொடுக்காதீர்கள். பாதி கொடுத்திருந்தால் மீதியைக் கொடுக்காதீர்கள். கொழும்பில் இருக்கும் கம்பியூட்டரில் புள்ளி மாற்ற அவரால் முடியாது. அவருக்கு வறுமைக்கோடு என்றால் என்னவென்றே தெரியவில்லை என்பதை உங்கள் கடிதமே காட்டுகிறது.

வறுமைக்கோடு ஒரு ஆளுக்கான கணக்கு. வீட்டுக்கான கணக்கல்ல. 16 ஆயிரத்துச் சொச்சம் என்பது ஒரு தலைக்கு ஒரு மாதத்துக்கு வேண்டிய ஆகக் குறைந்த செலவு. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு அது 80 ஆயிரத்துக்கு மேல் போகும். உங்கள் 45 ஆயிரத்தை ஐந்தால் பிரித்தால் தலைக்கு 9,000. அதுவும் நல்ல மாதத்தில்தான். எட்டு மாதம் 45 ஆயிரமும் நாலு மாதம் 18 ஆயிரமும் என்று வைத்து வருடக் கணக்கைக் கூட்டினால் 4 இலட்சத்து 32 ஆயிரம் வரும். பன்னிரண்டால் பிரித்தால் மாதம் 36 ஆயிரம், தலைக்கு 7,200. கோட்டின் பாதிக்கும் கீழே நிற்கிற உங்களைப் பார்த்துக் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள் என்கிறார் அந்த மனிதர். வீட்டு வருமானத்தை ஆள் கணக்கோடு ஒப்பிடும் இந்தப் பிழையைப் படித்தவர்களும் விடுகிறார்கள். ஆனால் அவர்கள் அதற்காக ஏழை வீட்டில் காசு கேட்பதில்லை.

இனி அந்த 76 ஆயிரம். தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் செய்த வீட்டு வருமான, செலவின ஆய்வில் வந்த தொகை அது. சரியாகச் சொன்னால் 76,414 ரூபா, நாட்டின் சராசரி. சராசரி எப்படி ஏமாற்றும் என்பதற்கு ஒரு ஒழுங்கையை நினைத்துப் பாருங்கள். அதில் ஐந்து வீடுகள். மாதம் 20 ஆயிரம், 30 ஆயிரம், 40 ஆயிரம், 50 ஆயிரம் என்று நாலு வீடு. கடைசி வீட்டுக்காரருக்கு இரண்டு பெரிய படகும் ஐஸ் வியாபாரமும், மாதம் 2 இலட்சத்து 40 ஆயிரம். கூட்டி ஐந்தால் பிரித்தால் சரியாக 76 ஆயிரம். அந்த ஒழுங்கையில் நாலு வீடு அந்தத் தொகையைக் கண்ணாலும் கண்டிருக்காது.

நாடு முழுவதும் நடந்ததும் இதுதான். வீடுகளை வருமானப்படி வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்கும் வீட்டைப் பார்த்தால் அதே ஆய்வில் 53,333 ரூபாதான் வருகிறது. இதை இடையம் என்பார்கள். செய்தியில் இதைச் சொல்வதில்லை. மேலே உள்ள ஐந்தில் ஒரு பங்கு வீடுகளின் சராசரி 1,96,289. கீழே உள்ள ஐந்தில் ஒரு பங்கின் சராசரி 17,572. மொத்த வருமானத்தில் பாதிக்கு மேல் மேல்தட்டுக்குப் போய்ச் சேர, அடித்தட்டுக்கு நூற்றுக்கு ஐந்து ரூபாகூட இல்லை. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: அந்த ஆய்வு சொந்த வீட்டில் இருப்பவருக்கு, அந்த வீட்டை வாடகைக்கு எடுத்தால் எவ்வளவு ஆகுமோ அந்தத் தொகையையும் வருமானமாகச் சேர்க்கும். 2006இல் போரால் இடம்பெயர்ந்து, முகாமிலும் உறவினர் வீட்டிலும் காலம் கழித்து, 2015க்குப் பிறகு திரும்பி வந்து வீட்டுத்திட்டத்தில் ஒரு கல்வீடு பெற்றவருக்கு அந்தச் சுவரும் ஒரு வருமானம். கணக்குக்கு அது சரி. உலைக்கு அரிசி தராது.

4,500 டொலர் வேறு கதை. நாட்டில் ஒரு வருடம் உற்பத்தியான எல்லாவற்றின் பெறுமதியையும் சனத்தொகையால் பிரித்த தொகை அது. ஒரு டொலர் 300 ரூபா என்று வைத்தால், உங்கள் ஐந்து பேருக்கு மாதம் ஐந்தரை இலட்சத்துக்கு மேல் வர வேண்டும்! சீனக்குடா மா ஆலையின் இலாபமும், துறைமுகத்தில் இறங்கும் சரக்கின் வருமானமும், கொழும்பு வங்கிகளின் வட்டியும் அதற்குள் இருக்கின்றன. மேல் மாகாணம் மட்டுமே நாட்டு உற்பத்தியில் 40 சதவீதத்துக்கு மேல் வைத்திருக்கிறது. நம் கிழக்கு மாகாணம் முழுவதற்கும் சுமார் 5 சதவீதம்தான். அந்தத் தொகையைக் கேட்டு நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எனக்குப் பொறுக்காத விடயம் ஒன்று உண்டு. வருமானத் தொகையைச் சொல்பவர்கள் வருடத்தைச் சொல்வதில்லை. 2019இல் வறுமைக்கோடு தலைக்கு 6,966 ரூபா. உங்கள் வீட்டுக்கு அது 34,830. அன்றைக்கும் இதே 36 ஆயிரம் உழைத்திருந்தால் மயிரிழையில் கோட்டுக்கு மேலே நின்றிருப்பீர்கள். பிறகு 2022 வந்தது. அந்த ஏப்ரலில் நாடு கடனைக் கட்ட முடியாதென்று அறிவித்தது. செப்டெம்பரில் கொழும்பு விலைவாசி ஒரு வருடத்தில் 69.8 சதவீதம் கூடியிருந்தது, சாப்பாட்டுச் சாமான் 94.9 சதவீதம். ஓகஸ்டில் ஒரே இரவில் மண்ணெண்ணெய் லீற்றர் 87இலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. அந்த எண்ணெயில்தான் உங்கள் வீட்டுக்காரர் போகும் படகின் இயந்திரம் ஓடுகிறது; அது போகத்தான் பங்கு. 2022 தொடக்கத்தில் 8 சதவீதமாக இருந்த பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியில் 18 சதவீதமாகியது. சவர்க்காரம் வாங்கும்போது பணக்காரர் கட்டும் அதே வரியைத்தான் நீங்களும் கட்டுகிறீர்கள். கையில் வரும் காசு மாறாமலே நீங்கள் கோட்டுக்குக் கீழே போனது இப்படித்தான். உலக வங்கியின் கணிப்பில் 2023இல் நாட்டில் நாலில் ஒருவர் ஏழை. அந்த நெருக்கடிக் காலம் முழுவதும் நாட்டிடம் இருந்தது 2019இல் எடுத்த வீட்டுக் கணக்குத்தான். காய்ச்சல் அடிக்கிற பிள்ளைக்கு மூன்று வருடத்துக்கு முந்தைய இரத்தப் பரிசோதனையைப் பார்த்து மருந்து கொடுத்தால் எப்படி இருக்கும்?

அஸ்வெசும இந்த வறுமைக்கோட்டை வைத்து மட்டும் ஆட்களைத் தெரிவதில்லை. 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் வந்த திட்டம் அது. 2023 ஜூலையிலிருந்து காசு கொடுக்கிறார்கள். வருமானத்தோடு கல்வி, நோய், சொத்து, வீட்டின் நிலை, குடும்ப அமைப்பு என்று 22 குறிகாட்டிகளைப் பார்த்துப் புள்ளி போடுகிறார்கள். இதற்கு முந்தைய உதவித் திட்டமான சமுர்த்திக் காலத்தில் யார் யாருக்குத் தெரிந்தவர் என்பது பெரிய விடயமாக இருந்தது. அதை மாற்ற நினைத்தது நல்ல எண்ணம். ஆனால் படிவத்தில் ஒரு வரி பிழைத்தால் திருத்த யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் ஒரு தாய் மூன்று பஸ் மாறி அலைகிறாள். அந்த இடைவெளியில்தான் உங்கள் 5,000 ரூபாக்காரர் கடை விரிக்கிறார்.

அவரைப் போன்றவர்களை நான் முப்பது வருடமாகப் பார்க்கிறேன். மூன்று விதமாக வருவார்கள். ஒருவர் படிவத்துக்குக் காசு கேட்பார். படிவம் இலவசம். இன்னொருவர் அடையாள அட்டைப் பிரதியையும் தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தையும் வாங்கிக்கொள்வார். மூன்றாமவர்தான் மிக மோசம்: "காசு வந்ததும் நானே எடுத்துத் தருகிறேன்" என்று வங்கிப் புத்தகத்தையும் ஏ.டி.எம். அட்டையையும் கடனுக்கு ஈடாக வைத்துக்கொள்வார். அட்டையைக் கொடுத்த பெண் ஒருத்திக்கு எட்டு மாதம் கொடுப்பனவு வந்தது, அவள் கையில் ஒரு மாதக் காசுகூடச் சேரவில்லை. வங்கிப் புத்தகம் உங்கள் வீட்டுப் பெட்டிக்குள் இருக்க வேண்டும். அவர் உங்கள் சொந்தக்காரராக இருந்தாலும் இதுதான் என் பதில்.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். நீங்கள் கேட்ட மீற்றர் விடயம்தான் முக்கியம் என்று நினைக்கிறேன். மின்சாரப் பாவனையும் பார்க்கப்படுகிற ஒன்று. இரண்டு வீட்டு மின்விசிறியும், அம்மா வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியும் ஒரே பில்லில் ஏறினால், கம்பியூட்டருக்கு நீங்கள் வசதியான குடும்பம். கணக்கெடுப்பில் குடும்பம் என்றால் ஒன்றாய் வாழ்ந்து ஒன்றாய்ச் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள். ஒரே வளவு என்பதாலோ ஒரே கிணறு என்பதாலோ ஒரே குடும்பம் ஆகாது. அம்மா தனி அடுப்பில் சமைக்கிறார் என்றால் அது தனிக் குடும்பம். அவருடைய ஓய்வூதியமோ தம்பி அனுப்பும் காசோ உங்கள் வருமானத்தில் சேரக் கூடாது. ஆனால் உங்கள் பிள்ளைகள் மத்தியானம் அம்மா வீட்டில் சாப்பிட்டு, இரவு நீங்கள் சமைத்து அம்மாவுக்குக் கொடுத்தனுப்புகிறீர்கள் என்றால் எப்படி? நம் பக்கத்தில் பாதி வீடு இப்படித்தான். அரிசி யார் காசில் வாங்குகிறோம் என்று பாருங்கள். இரண்டு வீட்டுக்கும் ஒரே மூட்டையென்றால் ஒரே குடும்பம்தான். அதைத் தனியென்று எழுதிக் கொடுத்தால் பக்கத்து வீட்டுக்காரர் ஆட்சேபனை போடுவார், அது அவருக்கு உள்ள உரிமை. தனித் தனியாக வாங்கி, கறியை மட்டும் மாற்றிக்கொள்கிறீர்கள் என்றால் இரண்டு குடும்பம். கிராம சேவகரிடம் இதை அப்படியே சொல்லுங்கள். இரண்டு குடும்பம், ஒரு மீற்றர் என்று எழுத்தில் உறுதிப்படுத்தித் தரக் கேளுங்கள்.

அடுத்தது, தகவல் எடுக்க வந்தவரிடம் யார் பதில் சொன்னது? உங்கள் வீட்டுக்காரர் என்றால் எனக்கு ஒரு சந்தேகம். நான் வேலை செய்த காலத்தில் ஓர் அலுவலகத்திலிருந்து வந்த இளைஞர் வேலியோரத்தில் நின்றபடியே "கடலால எவ்வளவு வரும்?" என்று கேட்டார். வீட்டுக்காரர் படகுக்கு விழுந்த மொத்த மீனின் விலையை நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். எண்ணெய், ஐஸ், படகுக்காரரின் பங்கு எல்லாம் கழித்துக் கையில் வருவதுதான் வருமானம். அதையும் பன்னிரண்டு மாதத்துக்குக் கூட்டிப் பிரித்துச் சொல்ல வேண்டும். ஓடாத பழைய மோட்டார் சைக்கிள் ஏதும் உங்கள் பெயரில் இன்னும் கிடந்தால் அதையும் பாருங்கள். கடைக் கடனை மறைக்காதீர்கள்.

உங்களைப் பற்றி என்ன பதிந்திருக்கிறார்கள் என்று தெரியாமல் மேன்முறையீடு எழுதுவது இருட்டில் ஊசியில் நூல் கோர்ப்பது மாதிரி. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மூதூர் பிரதேச செயலகத் தகவல் அலுவலருக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதுங்கள். "என் குடும்பத்தின் அஸ்வெசும விண்ணப்பத்தில் பதிந்த விபரங்களின் பிரதி வேண்டும்" என்ற ஒரு வரி போதும். 14 வேலை நாட்களுக்குள் அவர் தன் முடிவைச் சொல்ல வேண்டும். கடிதத்தைக் கொடுத்ததற்கான பற்றுச்சீட்டை வாங்காமல் கதிரையை விட்டு எழும்பாதீர்கள். பிழை தெரிந்ததும் மேன்முறையீட்டில் அந்த ஒன்றை மட்டும் எழுதுங்கள். கண்ணீர்க் கதை வேண்டாம், படிக்க நேரமில்லை அவர்களுக்கு. மேன்முறையீட்டுத் திகதி முடிந்திருந்தால் அடுத்த முறை தகவல் திரட்டும்போது இதே கடிதங்களை முன்வையுங்கள்.

கடைசி ஆறு மாதக் கரண்ட் பில்லையும், அம்மாவின் அடையாள அட்டைப் பிரதியையும் இன்றைக்கே ஒரு கோப்பில் போடுங்கள். படகுக்காரரிடம் பங்குக் கணக்கை ஒரு துண்டில் எழுதிக் கையெழுத்து வாங்க முடியுமா என்று உங்கள் வீட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள்.