பழுதான வாயேஜர் 1 மீண்டும் பேசியது எப்படி?

கேள்வி: ஆளே போக முடியாத தொலைவில் பழுதான வாயேஜர் 1 விண்கலத்தைப் பூமியில் இருந்தபடியே எப்படிச் சரிசெய்தார்கள்? (வாசகி, ஜார்ஜ்டவுன், பினாங்கு)

பதில்: 1977 செப்டம்பர் 5 அன்று ஏவப்பட்ட இந்தக் கலம், 2023 நவம்பரில் பொருள் விளங்காத சமிக்ஞைகளை அனுப்பத் தொடங்கியது. அப்போது அது ஏறத்தாழ 2,400 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருந்ததால், ஒளியின் வேகத்தில் செல்லும் வானொலிக் கட்டளைகூட அதை அடைய இருபத்திரண்டரை மணி நேரம் ஆனது. பினாங்கில் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு கட்டளையை அனுப்பியிருந்தால், அதற்கான பதில் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குத்தான் வந்து சேர்ந்திருக்கும்.

நாசா பொறியாளர்கள் கலத்தின் நினைவகப் பதிவை வரவழைத்து ஆராய்ந்தபோது, தரவுகளைத் தொகுத்து அனுப்பும் கணினியில் ஒரே ஒரு நினைவகச் சில்லு செயலிழந்திருப்பதும், அதில் இருந்த நிரல் பகுதிகள் கெட்டுப்போனதுமே காரணம் என்று தெரியவந்தது. அந்த நிரலை முழுமையாக வைக்க வேறெங்கும் போதிய இடம் இல்லாததால், அதைத் துண்டுகளாக்கி, நினைவகத்தின் வெவ்வேறு மூலைகளில் பொருத்தி, அவை ஒன்றையொன்று கண்டுகொள்ளும்படி முகவரிகளையும் திருத்தினார்கள். மிகப் பழைய, மிகச் சிறிய நினைவகத்தில் இதைப் பிழையின்றிச் செய்தது அசாத்தியமான சாதனை என்றே கருதுகிறேன். 2024 ஏப்ரல் 18 அன்று முதல் திருத்தம் அனுப்பப்பட்டது. ஏப்ரல் 20 அன்று, ஐந்து மாதங்களுக்குப் பின், கலத்தின் நலம் பற்றிய தெளிவான தகவல் கிடைத்தது. அதில் அப்போது இயங்கிவந்த அறிவியல் கருவிகள் நான்கும் ஜூன் மாதத்தில் வழக்கமான பணிக்குத் திரும்பின.