முப்பது மாணவர் சேர்ந்தால் மாதம் 75,000 வருமா?

கேள்வி: எனக்கு வயது 36. சாலிகிராமத்தில் வாடகை வீடு. சினிமாவுக்கும் விளம்பரங்களுக்கும் கீபோர்டு புரோகிராமிங் (மற்றவர் மெட்டுக்குக் கம்ப்யூட்டரில் வாத்திய ஒலிகளை அமைப்பது) செய்கிறேன். பத்து சதவீத டிடிஎஸ் (பணம் தருபவரே முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி) போக, சராசரியாக மாதம் 45,000 ரூபாய் கைக்கு வருகிறது. ஆனால் எந்தத் தேதியில் வரும் என்று சொல்ல முடியாது. மூன்று வருடமாக வீட்டில் இசையமைப்பு சொல்லிக்கொடுக்கிறேன். 14 மாணவர்கள், வகுப்புக்கு 500 ரூபாய், மாதம் நான்கு வகுப்பு, ஆக 28,000. கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) என்றால் என்னவென்று கேட்கும் பள்ளிப் பிள்ளையும் வருகிறான், குறும்படத்துக்குப் பின்னணி இசை எழுதுபவரும் வருகிறார். ஸ்டுடியோ வேலையை விட்டுவிட்டு, 30 மாணவர், ஆளுக்கு மாதம் 2,500 என்று முழுநேரமாக இறங்கினால் 75,000 வரும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். அறையை சவுண்ட்ப்ரூஃப் செய்து, மேக், மானிட்டர் ஸ்பீக்கர் வாங்க 6 லட்சம் பர்சனல் லோன் தருகிறார்கள்: 13 சதவீதம், ஐந்து வருடம். சேமிப்பு 3 லட்சம். வீட்டுச் செலவு 48,000. மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, சம்பளம் 22,000. மகள் மூன்றாம் வகுப்பு. வருமான வரி ரிட்டர்ன் இதுவரை போட்டதில்லை. நண்பர் ஒருவர், சேர்ந்து அகாடமி தொடங்கலாம் என்கிறார். இறங்கலாமா?

— வாசகர், சென்னை

பதில்: வகுப்பைப் பெரிதாக்குங்கள். லோன் வேண்டாம். ஸ்டுடியோவை முழுதாக விடவும் வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன்.

உங்கள் 75,000 கணக்கில் வருடத்துக்கு 48 வகுப்பு இருக்கிறது. சென்னையில் எந்தப் பாட்டு வாத்தியாரைக் கேட்டாலும் 48 வகுப்பு நடந்ததாகச் சொல்ல மாட்டார். காலாண்டு, அரையாண்டுத் தேர்வு வாரங்கள், தீபாவளி, பொங்கல், மார்ச்சிலிருந்து பொதுத் தேர்வு, மே மாதம் ஊருக்குப் போகிற பிள்ளைகள். போதாததற்கு, கர்நாடக சங்கீதமும் கற்கிற மாணவர் மார்கழி முழுக்கச் சபாவில் இருப்பார். நாற்பது வாரம் என்று வையுங்கள். அப்புறம் மாணவர் எண்ணிக்கை. முப்பது இடம் இருந்தால் முப்பதும் எப்போதும் நிரம்பி இருக்காது. ஒருவர் போய் இன்னொருவர் வருவதற்குள் ஒரு மாதம் ஓடிவிடும். சராசரி 24 பேர் என்றால், 24 பேர், 40 வகுப்பு, வகுப்புக்கு 625 ரூபாய்: வருடத்துக்கு 6 லட்சம். மாதம் 50,000. லோனுக்கு மாதத் தவணை சுமார் 13,650. மிச்சம் 36,350. அதில்தான் கரண்ட் பில், இன்டர்நெட், சாஃப்ட்வேர் எல்லாம்.

இன்றைய வருமானத்தையும் இதே அளவுகோலால் பாருங்கள். 28,000 என்பது முழு வருகை. வங்கிக் கணக்கையும் ஜிபேயையும் திறந்து, கடந்த பன்னிரண்டு மாதத்தில் வகுப்புக் கட்டணமாக வந்ததை மட்டும் கூட்டிப் பாருங்கள். 23,000 பக்கம்தான் இருக்கும் என்பது என் ஊகம். ஸ்டுடியோவின் 45,000-ஐச் சேர்த்தால் 68,000. அதை விட்டுவிட்டு 36,000-க்குப் போவதற்குக் கடன் வாங்குவானேன்? ஐந்து வருடத்தில் வட்டி மட்டுமே 2.19 லட்சம்.

இனி உங்கள் கடிதத்தில் நீங்களே போகிறபோக்கில் சொன்ன ஒரு விஷயம். கார்டு கேட்கும் பையனுக்கும் 500, பின்னணி இசை எழுதுபவருக்கும் 500. இங்கேதான் பணம் ஒழுகுகிறது. அந்தப் பையன் நாலு பார் (தாளச் சுற்று) மெட்டு ஒன்று எழுதிக்கொண்டு வருவான். ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம், அதுவும் வகுப்பிலேயே. மற்றவர் இரண்டு வயலின், வியோலா, செல்லோவுக்கு முப்பது பார் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புவார். ஒவ்வொரு வரியையும் தனியாகக் கேட்க வேண்டும். இரண்டாம் வயலினை அதன் கடைசித் தந்தியான ஜி-க்கும் கீழே கொண்டுபோயிருப்பார்; கம்ப்யூட்டர் கூசாமல் வாசித்துவிடும், ஆள் வாசிக்க முடியாது. அதைக் கண்டுபிடித்து, ஏன் என்று எழுதி, மாற்று வழி இரண்டு காட்டி அனுப்ப ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணிக்கு நீங்கள் வாங்குவது பூஜ்யம். மற்ற பாட்டு வகுப்புகளில் இவ்வளவு வீட்டு வேலை ஆசிரியருக்குக் கிடையாது. இசையமைப்பில் திருத்தம்தான் பாடம். ஆகவே கட்டணத்தை நேரத்தை வைத்துப் போடாதீர்கள், திருத்தத்தை வைத்துப் போடுங்கள்.

என் யோசனை இது. தொடக்க நிலையை நாலு பேர் கொண்ட குழுவாக்குங்கள். ஒன்றேகால் மணி, ஆளுக்கு மாதம் 1,500. இப்போது 2,000 கொடுக்கிற பெற்றோருக்கு இது குறைவு, உங்களுக்கோ ஒரு குழுவில் 6,000. டிரினிட்டி காலேஜ் லண்டனின் தியரி கிரேடு தேர்வுக்குப் படிப்பவர்களையும் ஒரே கிரேடாக இருந்தால் இப்படிக் குழுவாகச் சேர்க்கலாம். நடுநிலை, அதாவது ஹார்மனி தெரிந்து, சொந்தமாகப் பல்லவி சரணம் போடத் தொடங்கியவர்கள்: தனி வகுப்பு, முக்கால் மணி, மாதம் 3,000, வாரம் ஒரு திருத்தம் உட்பட. மேல்நிலைக்கு வாரா வாரம் வகுப்பே தேவையில்லை. எழுத அவகாசம் வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒன்றரை மணி நேரம், இடையில் விரிவான திருத்தம், மாதம் 5,000.

மூன்று குழுக்களில் 12 பேர், நடுவில் 8 பேர், மேலே 4 பேர் என்றால் மாதம் 62,000. எல்லா இடமும் நிரம்பாது என்று 80 சதவீதம் மட்டும் எடுத்தால் 49,600. மேலே பார்த்த அதே 50,000தான், ஆனால் அங்கே ஆளுக்கு ஒரு மணி என்றால் வகுப்பு மட்டும் வாரம் 24 மணி, இங்கே 13 மணிக்கும் குறைவு. திருத்தத்துக்கு ஆறேழு மணி சேர்த்தாலும் பகல் பொழுது உங்களுடையது. ஸ்டுடியோ வேலையைப் பாதியாக்கினாலும் 22,500 வரும், மொத்தம் 72,000. இன்றைய 68,000-ஐவிடக் கொஞ்சம் கூடுதல், கடன் இல்லாமல்.

இந்தக் கணக்கு நிற்க வேண்டுமானால் வகுப்புக்கு வகுப்பு காசு வாங்குவதை நிறுத்த வேண்டும். பத்து வாரம் ஒரு பருவம், வருடத்துக்கு நான்கு பருவம், மூன்று மாதக் கட்டணம் முன்கூட்டியே. மாணவர் வராவிட்டால், தவறிய வகுப்புக்குப் பதிலாகப் பருவத்துக்கு ஒரு ஈட்டு வகுப்பு. நீங்கள் ரத்து செய்தால் அத்தனைக்கும் ஈட்டு வகுப்பு. இரண்டாவது பகுதி உங்களுக்குத்தான் கஷ்டம். டைரக்டர் சாயங்காலம் ஆறு மணிக்கு “ஒரு சின்னக் கரெக்‌ஷன்” என்று கூப்பிடுவார். போனீர்கள் என்றால் அந்தப் பருவத்தின் நாலு பெற்றோர் அடுத்த பருவம் வர மாட்டார்கள். ஸ்டுடியோ பகலில் மட்டும் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். கொஞ்சம் வேலை போகும். பாதி என்று போட்டது அதனால்தான்.

பழைய மாணவர்களுக்கு ஒரு பருவம் பழைய கட்டணத்தையே வாங்குங்கள். இரண்டு மூன்று பேர் விலகுவார்கள், விடுங்கள். இன்னொன்று, “சினிமாவில் சான்ஸ்” என்ற வார்த்தை உங்கள் நோட்டீஸில் வரக்கூடாது. கே.எம். மியூசிக் கன்சர்வேட்டரி போன்ற இடங்களில் முழுநேரப் படிப்பு படித்துவிட்டு வருகிறவர்களுக்கே வாய்ப்பு உறுதி இல்லாத துறை இது. உங்களிடம் இருப்பது ஆள் பார்த்துத் திருத்துகிற பொறுமை. அதை விற்றால் போதும்.

பகல் காலியாக இருக்கிறது என்றேனே, அதில் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கலாம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். அங்கே மாலை ஐந்து என்றால் இங்கே மதியம் இரண்டரை. டொரன்டோவில் கோடையில் இரவு எட்டரை என்பது நமக்கு மறுநாள் காலை ஆறு. இரண்டு ஊரிலும் பிள்ளைக்கு இசை சொல்லிக்கொடுக்கத் தேடுகிற தமிழ்க் குடும்பங்கள் உண்டு, உங்கள் மாலை நேரத்தை அவர்கள் தொடவே மாட்டார்கள். டொரன்டோவில் மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகாரத்தை மாற்றுவார்கள், அந்த வாரம் முன்கூட்டியே நினைவூட்டுங்கள். கட்டணத்தை அவர்கள் நாணயத்திலேயே சொல்லி, உங்கள் வங்கிக் கணக்குக்கு முறையாக வரவழைத்து, பணம் வந்ததற்கான சான்றை எடுத்து வையுங்கள். இங்கே இருக்கிற மாமா கணக்கில் போட்டு வாங்குகிற வழி வேண்டாம்.

அறை, கருவி பற்றி. இசையமைப்பு சொல்லிக்கொடுக்க ஒலிப்பதிவுக் கூடம் எதற்கு? உங்களுக்குத் தேவை ஒரு நல்ல கீபோர்டு, நடுத்தர ஹெட்போன், மாணவர் பார்க்க ஒரு பெரிய திரை, ஆன்லைனுக்கு ஒரு மைக். புரோகிராமர் என்பதால் பாதி உங்களிடமே இருக்கும். நொட்டேஷன் எழுத மியூஸ்ஸ்கோர் என்ற சாஃப்ட்வேர் இலவசம். மாணவரும் காசு கொடுக்க வேண்டியதில்லை. வாடகை வீட்டுச் சுவரில் லட்சக்கணக்கில் பஞ்சு ஒட்டினால் காலி செய்கிற நாளில் அது வீட்டுக்காரருக்குப் போகும். சேமிப்பிலிருந்து 80,000-க்கு மேல் போகாதீர்கள். மனைவி சம்பளம் போக வீட்டுக்கு மாதம் 26,000 குறைகிறது, ஆறு மாதத்துக்கு 1.56 லட்சம். இரண்டு லட்சத்தை ஃபிக்ஸட் டெபாசிட்டில் தனியாகப் போட்டு மறந்துவிடுங்கள்.

இப்போது எனக்கே வயிற்றைக் கலக்கிய வரி: ரிட்டர்ன் போட்டதே இல்லை என்கிறீர்கள். கைக்கு 45,000 என்றால் பில் 50,000. மாதம் 5,000, வருடத்துக்கு 60,000 ரூபாய் உங்கள் பான் எண்ணில் அரசாங்கத்திடம் கிடக்கிறது. ஸ்டுடியோவும் வகுப்பும் சேர்த்து உங்கள் வருட வரவு பத்து லட்சத்தைத் தாண்டவில்லை. 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறைப்படி 12 லட்சம் வரை வரி இல்லை. ஆனால் வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினால் ரிட்டர்ன் கட்டாயம், போட்டால்தான் ரீஃபண்டும். 26ஏஎஸ் படிவத்தை இறக்கிப் பாருங்கள், யார் யார் பிடித்தார்கள், கட்டினார்களா என்று தெரியும். காலக்கெடு தவறினாலும், நிதியாண்டு முடிந்த அந்த ஆண்டின் டிசம்பர் 31 வரை தாமதக் கட்டணத்தோடு போடலாம். அதையும் தாண்டிய வருடங்களுக்குப் புதுப்பித்த ரிட்டர்னில் ரீஃபண்ட் கேட்க முடியாது. போனதை விடுங்கள், இந்த வருடத்தை விடாதீர்கள்.

“44ஏடிஏ போடு, பாதி வருமானத்தைக் காட்டினால் போதும்” என்று யாராவது சொல்வார்கள். வருமான வரிச் சட்டத்தின் அந்தப் பிரிவு குறிப்பிட்ட சில தொழில்களுக்கு மட்டும். திரைக் கலைஞர் என்ற தலைப்பில் இசையமைப்பாளரும் உதவி இசையமைப்பாளரும் வருகிறார்கள். டியூஷன் எடுப்பவர் எங்கும் இல்லை. உங்களுக்கு எப்படியும் வரி பூஜ்யம், பிறகு குறுக்குவழி எதற்கு? வரவும் செலவும் ஒரு நோட்டில் எழுதுங்கள், பில்களை வையுங்கள். கீபோர்டுக்கு 15 சதவீதம், கம்ப்யூட்டருக்கு 40 சதவீதம் தேய்மானம் என்று செலவில் கழிக்கலாம்.

டிடிஎஸ் ரீஃபண்ட் வந்ததும் முதல் வேலை குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு. மனைவி பள்ளியில் ஏதாவது பாலிசி இருந்தாலும் அதை நம்பி இருக்காதீர்கள். பிறகு உங்கள் பெயரில் டெர்ம் பாலிசி. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. சொந்தமாக மெட்டுப் போட்ட விளம்பரமோ பக்திப் பாடலோ இருந்தால் ஐபிஆர்எஸ் (பாடல் ராயல்டியை வசூலித்துப் பங்கிடும் சங்கம்) உறுப்பினராகிப் பதிவு செய்யுங்கள். 2012 பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு மெட்டுப் போட்டவரின் ராயல்டிப் பங்கை எழுதி வாங்கிக்கொண்டு விட முடியாது. புரோகிராமிங் மட்டும் செய்த பாட்டுக்கு இது பொருந்தாது.

கடைசியாக நண்பரின் அகாடமி. கலைப் பயிற்சியைப் பொழுதுபோக்காகக் கற்றுத்தருகிற தனிநபருக்கு ஜிஎஸ்டி விலக்கு இருக்கிறது. 2022 ஜூலையிலிருந்து அது தனிநபருக்கு மட்டும் என்று ஆக்கிவிட்டார்கள். பார்ட்னர்ஷிப், எல்எல்பி (வரம்புள்ள பொறுப்புக் கூட்டாண்மை) என்று போனால் விலக்கு போச்சு, 20 லட்சம் வரவைத் தாண்டியதும் வரி வசூலித்துக் கட்ட வேண்டும். தனிநபராக இருந்தாலும், ஸ்டுடியோ வரவையும் வகுப்பு வரவையும் கூட்டித்தான் அந்த 20 லட்சத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் இப்போது அதற்கு வெகு தூரத்தில் இருக்கிறீர்கள் என்பது வேறு. நண்பர் என்ன கொண்டுவருகிறார் என்று கேளுங்கள். மாணவரைத் திருத்தப் போவது நீங்கள் ஒருவர்தான் என்றால் லாபத்தில் பாதி எதற்கு? இடம் தருகிறார் என்றால் மாத வாடகை பேசுங்கள். மாணவரைச் சேர்த்துவிடுகிறார் என்றால் முதல் பருவக் கட்டணத்தில் ஒரு கமிஷன் கொடுத்து அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள்.