பொயிலரின் சூட்டைக் குறையுங்கள், வீட்டின் சூட்டை அல்ல: காஸ் பில் கேள்வி பதில்

பிரித்தானியாவில் பதினெட்டு வருடங்களாகப் பொயிலர் வேலை செய்கிறேன். பனிக்காலம் தொடங்கியதும் நம்மவர்கள் கேட்கும் கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (ஹாரோ): மீற்றரில் ஓடியது 100. பில்லில் 1,120 என்று இருக்கிறது. ஏமாற்றுகிறார்களா அண்ணா?

இல்லை தங்கச்சி. மீற்றர் அளப்பது கன மீற்றர். பில் போடுவது கிலோவாட் மணியில். 100 கன மீற்றரை 1.02264 ஆல் (காஸின் அமுக்கத்துக்கும் வெப்பநிலைக்கும் சரிக்கட்டும் எண்) பெருக்கி, பிறகு காஸின் வெப்ப மதிப்பால் (ஏறக்குறைய 39.5) பெருக்கி, 3.6 ஆல் வகுத்தால் 1,120 சொச்சம் வரும். ஒரு கன மீற்றருக்குப் பதினொரு யூனிட் (கிலோவாட் மணி) என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

ஆனால் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். பழைய மீற்றர்கள் நூறு கன அடிக்கு ஒன்று என்று ஓடும்; அவற்றுக்கு மேலும் 2.83 ஆல் பெருக்க வேண்டும். புது மீற்றர் பூட்டிய பிறகும் பழைய கன அடிக் கணக்கிலேயே பில் வந்துகொண்டிருந்த ஒரு வீட்டை நானே பார்த்திருக்கிறேன். கிட்டத்தட்ட மூன்று மடங்கு கட்டியிருந்தார்கள். மீற்றரின் முகத்தைப் படம் எடுத்து பில்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி (ஈஸ்ட்ஹாம்): புது கொம்பி பொயிலர் (தாங்கி இல்லாமல் உடனுக்குடன் தண்ணீர் சூடாக்குவது) போட்டோம். காஸ் மிச்சமாகும் என்றார்கள். பில் குறையவே இல்லையே?

எனக்கு மிகவும் மனவருத்தம் தரும் கேள்வி இதுதான். காசைக் கொட்டி நல்ல பொயிலர் வாங்கியும் அதன் பலன் புகைக்குழாய் வழியே வெளியே போகிறது.

காஸ் எரியும்போது நீராவி உண்டாகும். இன்றைய பொயிலர்கள் அந்த ஆவியைத் தண்ணீராக்கி, அதிலுள்ள சூட்டையும் பிடித்து வீட்டுக்குத் தருவதற்காகச் செய்யப்பட்டவை. ஆனால் ரேடியேற்றர்களைச் சுற்றித் திரும்பி வரும் தண்ணீர் ஏறக்குறைய 55 பாகைக்குக் கீழே இருந்தால்தான் ஆவி தண்ணீராகும். பல வீடுகளில் பொயிலர் 75, 80 பாகையில் விடப்பட்டிருக்கிறது. திரும்பி வரும் தண்ணீரே 60ஐத் தாண்டிவிடும்; பிறகு எங்கே ஆவி குளிர்வது?

பொயிலரின் முகத்தில் ரேடியேற்றர் படம் போட்ட குமிழ் ஒன்று இருக்கும். குழாய்ப் படம் போட்டது குளிக்கும் தண்ணீருக்கானது, அதைத் தொட வேண்டாம். ரேடியேற்றர் குமிழை 60க்கு இறக்குங்கள். இரண்டு நாள் பாருங்கள். வீடு சூடாகிறது என்றால் 55க்கும் போகலாம். ரேடியேற்றரில் கை வைத்தால் முன்போலச் சுடாது, வீடு சூடாகச் சற்று அதிக நேரம் எடுக்கும். அதைக் கண்டு பயந்து மறுபடி ஏற்றிவிடாதீர்கள். சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட் 20 காட்டினால் வீடு 20தான். வேலை நடக்கிறதா என்று அறிய, பொயிலரிலிருந்து வெளியே போகும் ஒடுங்கிய பிளாஸ்டிக் குழாயைப் பாருங்கள். தண்ணீர் சொட்டினால் நல்லது. அது உங்கள் காசு திரும்பி வரும் அடையாளம்.

சுடுதண்ணீர்த் தாங்கி உள்ள வீடுகளில் இப்படி இறக்கக் கூடாது. தாங்கியில் தண்ணீர் 60 பாகையாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் லீஜனெல்லா கிருமி வளரும். அங்கே பொயிலர் 65க்குக் குறையாமல் இருக்கட்டும்.

கேள்வி (குரொய்டன்): விலைக்கு உச்சவரம்பு இருக்கிறது என்றால், அதற்கு மேல் பில் வராதுதானே?

வரும். காஸ், மின்சார விலைகளைக் கண்காணிக்கும் அமைப்பான ஒவ்ஜெம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டுப்படுத்துவது ஒரு யூனிட்டின் விலையையும், பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும் தினமும் ஏறும் நிலைக் கட்டணத்தையும்தான். செய்தியில் சொல்லும் வருடத் தொகை, சராசரி அளவில் காஸும் மின்சாரமும் பாவிக்கும் வீட்டுக்கானது. கூடப் பாவித்தால் கூடக் கட்ட வேண்டும்.

கேள்வி (லெஸ்டர்): ஆறு கிழமை யாழ்ப்பாணத்தில் நின்றோம். ஒரு யூனிட்டும் ஓடவில்லை. ஆனாலும் பில்?

அதுதான் நிலைக் கட்டணம். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 30 பென்ஸ் என்று வைத்தால், 42 நாளுக்கு ஏறக்குறைய பன்னிரண்டரைப் பவுண் வரும்.

கேள்வி (சௌத்ஹோல்): நாள் முழுக்கக் குறைந்த சூட்டில் விட்டால் மலிவு என்கிறார்கள். உண்மையா?

பெரும்பாலான வீடுகளில் உண்மையில்லை தம்பி. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிறைந்திருக்கும் வரை வேகமாக ஒழுகும். வீடும் அப்படித்தான்: உள்ளுக்கும் வெளியுக்கும் உள்ள வித்தியாசம் கூடக் கூட சூடு வேகமாக வெளியேறும். எல்லோரும் வேலைக்குப் போன வீட்டை ஏன் சூடாக வைத்திருக்க வேண்டும்? வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பு போடும்படி டைமரை வையுங்கள். திரைச்சீலை ரேடியேற்றரின் மேல் தொங்கினால் அதையும் சற்றுத் தூக்கிவிடுங்கள்.

கேள்வி (மில்டன் கீன்ஸ்): அம்மாவுக்கு 78 வயது. அவருடைய அறையில் மட்டும் மின்சார ஹீற்றர் வைத்தால் மிச்சமா?

மின்சார யூனிட்டின் விலை காஸைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. பகல் முழுக்க அந்த அறைக்குச் சூடு வேண்டும் என்றால், காஸ் பொயிலரையே ஓடவிட்டு, மற்ற அறை ரேடியேற்றர்களின் வால்வைக் குறையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மட்டும் என்றால் சிறிய ஹீற்றர் பரவாயில்லை.

அம்மாவின் அறையில் மிச்சம் பிடிக்க வேண்டாம். உலக சுகாதார அமைப்பு சொல்லும் ஆகக் குறைந்த அளவே 18 பாகை. வயதானவர்களுக்கு அதற்கு மேலும் தேவைப்படும். ஓய்வூதிய உதவி (பென்ஷன் கிரெடிட்) எடுக்கிறார் என்றால், 150 பவுண் கழிவு தரும் 'வோம் ஹோம் டிஸ்கவுண்ட்' அவருக்குக் கிடைக்கிறதா என்று விநியோகம் செய்யும் நிறுவனத்திடம் கேளுங்கள். பில் அம்மாவின் பெயரில் இல்லாவிட்டால் அது கிடைக்காமல் போகலாம், அதனால் பில்லில் யாருடைய பெயர் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.